கொதிக்க வைத்த தண்ணீர்

என் பிரியமுள்ள கோமதியக்கா,

நீ போய் மூன்று வருஷமாகிறது. இத்தனை நாள் எழுதாதவன் இப்போது எழுதினால், ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று நீ முதல் வரியிலேயே கண்டுபிடித்திருப்பாய். ஆமாம் அக்கா. ஆனால் தப்பு இப்போது செய்ததில்லை. உன் ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்தபோது செய்தது. எனக்கே போன மாதம்தான் தெரிந்தது.

தேனிக் கல்லூரியில் உன் இடத்துக்கு வந்திருக்கும் பேராசிரியை செல்வராணி போன் செய்தார். திராட்சைத் தோட்டத்து மண்ணில் நீ கண்டெடுத்தாயே ஒரு பாக்டீரியா, அதிலிருந்து பிரித்த பொருளை ஊசி போட்டதும் எலிகளின் இரத்தத்தில் நோய் எதிர்ப்பு ஏறியதே, அதை முதலில் அப்படியே திரும்பச் செய்து பார்க்கப் போகிறாராம்.

"மேடம் நோட்டுல எல்லாம் வெவரமா எழுதிருக்காக சார். அந்தப் பொருளக் கரைச்ச தண்ணி எதுன்னு மட்டும் இல்ல" என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

என் நோட்டில் இருந்தது. அந்த வாரம் சீல் வைத்த உப்புநீர் பாட்டில்கள் குறைவாக இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த எலிகளுக்கு, பொருள் ஏதும் கலக்காமல் அந்தப் பாட்டில் நீரைப் போட்டோம். உன் பொருளைக் கரைக்க மட்டும், கேனில் பத்து நாள் நின்ற டிஸ்டில்டு வாட்டரில் உப்புப் போட்டு நானே காய்ச்சினேன். பக்கத்தில் "கொ.வை." என்று குறித்திருக்கிறேன்.

நீ கேட்கத்தான் செய்தாய். "ஏலே, தண்ணி கொதிக்க வச்சதுதான?" "கொதிக்க வச்சாச்சுக்கா." அதோடு பேச்சு முடிந்தது. மயிலாடும்பாறையில் அப்பா டைபாய்டில் படுத்த நாளிலிருந்து அம்மா கேட்பதும் இது ஒன்றுதான்; நம் வீட்டில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை. நுண்ணுயிரியல் படித்த இரண்டு பேரும் அந்த ஒரு நிமிஷம் அம்மாவின் பிள்ளைகளாக மட்டும் பேசியிருக்கிறோம்.

நின்ற தண்ணீரில் வளர்ந்திருக்கும் பாக்டீரியா கொதியில் செத்துப்போகும். அதன் மேலுறையில் இருக்கும் மூலக்கூறுகள் அழியாமல் தண்ணீரிலேயே நிற்கும். அவற்றைக் கண்டாலே போதும், கிருமி வந்துவிட்டதென்று எலியின் உடம்பு எதிர்ப்பைக் கிளப்பிவிடும். நீ வகுப்பில் நடத்தியதுதான். அப்படியானால் அன்றைக்கு நாம் பார்த்தது உன் பொருளின் வேலையா, என் கேனின் வேலையா?

மூன்று நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. துறை வாசலில் உன் படம் மாட்டியிருக்கிறார்கள். அதன் கீழே அந்தக் கண்டுபிடிப்பைத்தான் எழுதியிருக்கிறார்கள். நான் பேசாமல் இருந்தால் அது அப்படியே இருக்கும். ஆனால் செல்வராணியின் வருஷங்கள்? இன்னும் சாகப்போகிற எலிகள்? நான்காம் நாள் கம்பத்தில் தேனிக்குப் பஸ் ஏறினேன். சின்னமனூரில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட எழுந்து நின்றேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அந்தம்மா கோபப்படவில்லை. "ரெண்டு பேருமா சேந்து வெந்நிய நம்புனீக? நல்ல குடும்பம் சார்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு யோசித்துச் சொன்னார். "அப்பப் பொருளே இல்லாம அந்தத் தண்ணிய மட்டும் கொஞ்ச எலிகளுக்குப் போட்டுப் பாத்துருவோம். அன்னைக்கு எப்பிடிச் செஞ்சீகளோ அப்பிடியே செஞ்சு குடுங்க. ஒங்களுக்குத்தான தெரியும்."

அதே மாதிரிக் கேன், அதே ஜன்னல் ஓரம். வாழ்நாளெல்லாம் சுத்தம் பார்த்தவன், ஒரு தப்பை அச்சுப் பிசகாமல் திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன். பத்து நாள் இன்றோடு முடிகிறது. உள்பக்கம் விரல் வைத்தால் லேசாக வழுக்குகிறது.

நேற்று அவர் வகுப்புக்குப் போயிருந்தார். ஆய்வகத்தில் நான் மட்டும்தான். கேனைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனேன் அக்கா. நன்றாகத் தேய்த்துக் கழுவிப் புது டிஸ்டில்டு வாட்டர் பிடித்து வைத்தால் யாருக்கும் தெரியாது. எலிகள் சும்மா இருக்கும். உன் பேர் நிற்கும். குழாயைக்கூடத் திறந்துவிட்டேன். பிறகு மூடிவிட்டுக் கேனை ஜன்னலோரமே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து என்னையே கேட்டுக்கொண்டேன். உன்னைக் காப்பாற்றப் பார்த்தேனா, என்னையா? நீ இருந்திருந்தால் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு ஊசியை எடுத்திருப்பாய் என்று நினைக்கிறேன். அதுவும் எனக்கு வசதியான நினைப்புத்தானோ?

இரத்தத்தில் என்ன வரும் என்று தெரியாது. உன் பொருளே ஜெயிக்கலாம். என் தண்ணீரே போதும் என்றும் வரலாம். அப்படி வந்தால் படத்துக்குக் கீழே இருப்பதை மாற்றச் சொல்லி நானே கேட்பேன். தண்ணீர் காய்ச்சியவன் யார் என்றும் சொல்வேன்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். கேனைக் கழுவ மாட்டேன் அக்கா.

உன் கூடப்பிறந்த தம்பி,
தங்கராசு