ஆராய்ச்சிக்கு மட்டும், அண்ணா

அண்ணா,

இன்று காலை ஆய்வகத்துக்கு அந்தத் தெர்மாகோல் பெட்டி மறுபடியும் வந்தது. மூடியைத் திறந்ததும் ஐஸ் புகை முகத்தில் அடித்தது. உள்ளே விரல்நுனி அளவில் ஒரு குப்பி. கையெழுத்துப் போட்டு வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதேன். முகம் கழுவி வந்தால் பக்கத்து மேசைக்காரி, "சளியா?" என்கிறாள். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன்.

அந்தக் குப்பியில் இருப்பது மனிதப் புரதம். மனித உடம்பிலிருந்து எடுத்ததல்ல. மனித மரபணுவை வேறொரு செல்லுக்குள் புகுத்தி, அதைச் சுரக்கவைத்து, வடித்து அனுப்புகிறார்கள். உன் உடம்பு சுரக்காமல் விட்ட அதே புரதம். உன் நோய்க்குப் பெயர் தெரிவதற்கு முன்பே நான் பெங்களூரில் இந்த வேலையில் சேர்ந்துவிட்டேன். விதி என்று சொல்ல எனக்குப் பிடிக்காது. வேறு என்னவென்று சொல்ல?

நீ பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றிப்போன டெம்போக்காரன். நிறைந்த கிரேட்டை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் வைத்தவன், குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எழ முடியாமல் போனாய். பிறகு மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாய். சேலத்து டாக்டர்தான் கண்டுபிடித்தார். "அப்பா அம்மா சொந்தமா?" என்று கேட்டார். அம்மாவுக்கு அப்பா தாய்மாமன் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். மருந்து இருக்கிறது, நம் கைக்கு எட்டாது, அரசாங்கத்துக்கு எழுதிப்போட்டுக் காத்திருங்கள் என்றார். காத்திருந்தோம்.

ஒருநாள் சாப்பிடும்போது, "அந்தப் புரதம் எங்க லேப்லயே இருக்குதுண்ணா" என்றேன். அதோடு போயிற்று என் நிம்மதி. ஒரே பகலில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. "உங்க பொண்ணு வேல செய்யற எடத்துலயே மருந்து இருக்குதாமுங்களே" என்று ஆளாளுக்கு அம்மாவைக் கேட்டார்கள். அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "வெண்ணைய கையில வெச்சுக்கிட்டு யாராச்சும் நெய்க்கு அலைவாங்களாடி?"

ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்குச் செலுத்தக் கூடாது என்று குப்பி மேலேயே அச்சடித்திருக்கிறது என்றேன். நீ சிரித்தாய். "நாங்க கழிச்சுப் போடற தக்காளியத்தான் சாஸ் கம்பெனிக்காரன் அள்ளிக்கிட்டுப் போறான். அதயும் மனுசன்தான பாப்பா திங்கறான்?" மண்டியில் அப்படித்தான். முதல் தரமும் கழிவும் ஒரே செடியில் காய்ப்பவை. இது அப்படியில்லை அண்ணா, ஊசியில் ஏற்றுகிற சுத்தத்தில் இதைச் செய்வதில்லை, நரம்பில் ஏறினால் குளிர்காய்ச்சல் கண்டு அன்றைக்கே உயிர் போகலாம். எங்களிடம் இருப்பதையெல்லாம் வழித்துச் சேர்த்தாலும் ஓர் ஊசிக்குக் காணாது என்றெல்லாம் சொன்னேன். தொண்டை வற்றச் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டிருந்தாய், நம்பவில்லை.

அடுத்த முறை நான் வீட்டிலிருந்து கிளம்பும்போது, அம்மா மீன் கடையில் ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கி, சோப்புப் போட்டுக் கழுவி, புது வண்டிக்கு வைப்பதுபோல் மஞ்சளும் குங்குமமும் வைத்து என் கையில் கொடுத்தாள். "இதுல வெச்சு எடுத்தாந்துரு சாமி." வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். அந்த வாரம் முழுக்க ஆய்வகத்தில் குளிர்பெட்டிக் கதவைத் திறந்து திறந்து மூடினேன். எடுத்து வந்தால் நானே உன்னைக் கொன்றதாகும். எடுத்து வராவிட்டால் நீ செத்துப்போவாய். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

வெறும் பெட்டியோடுதான் திரும்பினேன். சுவரில் சாய்ந்தபடி நீயே மூடியைத் திறந்தாய். உள்ளே ஒன்றுமில்லை என்பது தெரிந்தும் கையை விட்டுத் துழாவினாய். ஐயோ, அந்தக் கை! "போ பாப்பா. நம்ம வூட்டு ஆள விட உனக்கு வேலதான் பெருசு." அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டாய், மின்விசிறியைப் போடச் சொன்னாய், வேறு பேச்சு நமக்குள் இல்லை. அரசாங்கத்திலிருந்து பதில் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

நான் கொடுத்திருக்கலாம் என்று நம் ஊர் இண்டூரில் இன்னும் பேசுகிறார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அம்மா பேசுவதில்லை. சோறு போடும்போது என் முகத்தைப் பார்ப்பதுமில்லை.

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாமல்தான் உனக்கு எழுதுகிறேன். கூடப்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று அந்த டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். போன மாதம்தான் போய் ரத்தம் கொடுத்தேன். எனக்கும் அதேதான், அண்ணா. நானும் எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்.

அது மருந்தில்லை என்பது எல்லாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இன்று குப்பியைக் கையில் எடுத்தபோது, கொஞ்சம் போட்டுத்தான் பார்த்தால் என்ன என்று நினைத்தேன். நாளை அதை நான்தான் கரைத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் குழாய்களில் விட வேண்டும். உனக்காவது கோபப்பட நான் இருந்தேன். எனக்கு யார் இருக்கிறார்கள், அண்ணா?