கோட்டைக்குள் ஒரு விசில்

மாசாய், ஜொகூர்
25 பிப்ரவரி 2024

அன்பு அக்காவுக்கு,

உறைமேல் மடத்தில் உனக்கு வைத்த பெயரை எழுதியிருக்கிறேன், அது தபால்காரருக்காக. உள்ளே நீ ஃபெலிசியா அக்காதான். அதை மாற்றச் சொல்லாதே.

நானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி. எப்படி இருக்கிறது என்று கேட்டால் கோபம் வரும். எனக்கு பாசிர் கூடாங்கில் ஷிப்ட் மாறிவிட்டது, மாலையில் வீட்டில்தான் இருக்கிறேன். அதனால் கம்ப்யூட்டரில் நீ பாதியில் விட்டுப்போன அந்த மலாக்கா கேமைத் திரும்பத் திறந்தேன். ஆறு வருஷமாக உன் ஆள் கோட்டை மதிலுக்கு வெளியே புதரில் உட்கார்ந்திருக்கிறான், பாவம். உள்ளே போய் அந்தப் போர்ச்சுகீசியத் தலைவனைக் கொல்ல வேண்டும். இரண்டு ஆயுதம்தான் கொண்டுபோகலாம். பாராங் வெட்டுக்கத்தியும் ஈட்டியும் எடுத்தேன், வாசலிலேயே செத்தேன். கெரிஸ் குத்துவாள் எடுத்தேன், மணியடித்து ஊரையே கூட்டிவிட்டார்கள். அலமாக், எத்தனை தடவைதான் சாவது! நீ என்றால் எதை எடுப்பாய்?

இன்னொன்று. நேற்று புதருக்குள்ளிருந்து விசிலடிக்கிற பட்டனை அழுத்தினேன். பின்னால் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து அறைக்குள் போய்விட்டார். சின்ன வயதில் நாம் ஃபிளாட்டுக்குக் கீழே விளையாடும்போது மாடியிலிருந்து நம்மைக் கூப்பிட ஒரு விசில் அடிப்பாரே, இரண்டு குட்டை, ஒரு நீட்டு, கிட்டத்தட்ட அதே மாதிரி இருந்தது. நீதான் எப்பவும் முதலில் ஓடுவாய். நீ போனதிலிருந்து அவர் அதை அடிப்பதில்லை. உன் பெயரையும் சொல்வதில்லை.

உன் தம்பி,
டாரில்


மடம்
2 ஏப்ரல் 2024

அன்புத் தம்பி டாரிலுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் நம் வீட்டில் தங்கட்டும். தவக்காலத்தில் எங்களுக்குக் கடிதம் தரமாட்டார்கள். ஈஸ்டர் அன்றுதான் உன்னுடையது கைக்கு வந்தது. அதையும் மதர் முதலில் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "ஒங்க தம்பி யாரைக் கொல்லப் போறாரு?" என்று கேட்டார்கள். விளையாட்டு, மதர் என்று விளக்கினேன். நம்பினார்களா தெரியவில்லை. உனக்காக ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார்கள், சொல்லிவிட்டேன்.

பாராங்கைக் கீழே வை. கனமான ஆயுதம் எடுத்தால் காலடி கேட்கும், இது உனக்கு இன்னுமா தெரியவில்லை? சும்பிட் எடு. வெறும் மூங்கில் குழாய்தான், மயக்க ஊசி போட்டு ஓர் ஊது ஊதினால் காவலாளி தூங்கிவிடுவான், விஷ ஊசியைத் தலைவனுக்கு மட்டும் வை. இரண்டாவது இடத்தைக் காலியாகவே விடு. நாய் கட்டியிருக்கும் பக்கம் போகாதே. பந்தங்களை முதலில் அணை. வழியில் நிற்கிறவனை விசிலடித்து உன் பக்கம் இழு. விசில் கேட்டால் அவன் வராமல் இருக்கவே மாட்டான், அவனை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கொல்ல வேண்டியது ஒருவனைத்தான், டாரில். மற்றவர்கள் சம்பளத்துக்கு நிற்கிறவர்கள்.

ஜூலை 16, கார்மேல் மாதா திருநாளில் எனக்கு நித்திய வார்த்தைப்பாடு. அதற்குப் பிறகு சாகும்வரை இந்த மதிலுக்குள்தான். அப்பா வர வேண்டும். அவர் ஒரு மூலையிலாவது இல்லாமல் அன்றைக்கு நான் எப்படி வாய் திறந்து வாக்குக் கொடுப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ அவரிடம் கேள்.

அன்புடன்,
ஃபெலிசியா


மாசாய்
16 ஜூன் 2024

அன்பு அக்காவுக்கு,

கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டினார். போன வாரம் சாப்பிடும்போது மறுபடி கேட்டேன். "எனக்கு ஒரு பிள்ளதான். அது முன்னால ஒக்காந்து சாப்புடுது" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

எனக்கும் உன்மேல் கோபம் இருக்கிறது, அக்கா. அம்மா போன அதே வருஷம் நீயும் போனாய். இந்த வீட்டில் இரண்டு ஆம்பளைகள் எப்படிப் பேசிக்கொள்வது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. கடவுளுக்கு ஆள் இல்லையா என்ன?

சரி, விடு. நீ சொன்ன மாதிரி சும்பிட் மட்டும் எடுத்துப் போனேன். மணி அடிக்கவே இல்லை. தலைவன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தான், வாசலில் நின்றவனுக்குக்கூடத் தெரியாது. முடித்தபோது சந்தோஷமாக இல்லை, ஏன் என்று தெரியவில்லை.

அப்பாவையும் உன் வழியிலேயே கொண்டு வரப்போகிறேன். ஜூலை 16ந்தேதி லீவு எடுத்திருக்கிறேன். மூவாருக்குப் போய் அவருக்கு நல்ல கட்டில் பார்க்கலாம் என்று சொன்னேன், சரி என்றுவிட்டார். மூவாருக்கு ஹைவேயிலிருந்து பாகோவில் இறங்க வேண்டும், நான் இறங்காமல் நேரே உன்னிடம் வந்துவிடுவேன். பாராங் இல்லை, பார்த்தாயா?

டாரில்


மடம்
8 ஜூலை 2024

அன்பு டாரில்,

வேண்டாம். அப்பா காவலாளி இல்லை. ஏமாற்றிக் கூட்டிவந்து உட்கார வைத்தால், அவர் வந்தார் என்று நான் எப்படி எடுத்துக்கொள்வேன்? மூவார் என்று சொல்லாதே. அக்காவிடம் போகிறோம் என்று சொல். வரமாட்டேன் என்றால், வராமலே இருக்கட்டும். எனக்கு அது தாங்காது, ஆனாலும் அதுதான் சரி.

கோபம் என்று எழுதினாய். மறைக்காமல் எழுதினாயே, அது போதும். நீங்கள் இரண்டு பேரும் என்ன சாப்பிட்டிருப்பீர்கள் என்று நினைக்காமல் நான் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. அழுகை வருகிறது, இதோடு நிறுத்துகிறேன்.

ஃபெலிசியா


மாசாய்
18 ஜூலை 2024

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. அதற்குள் நாங்கள் போய்வந்தாயிற்று. மன்னித்துக்கொள்.

அன்று காலையில் அப்பாவை எழுப்பப் போனால், குளித்து நிற்கிறார். கட்டில் பார்க்கப் போகிற மனிதர் ஈஸ்டருக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார், சப்பாத்துக்கு பாலிஷ் வேறு. சாவியை எடுத்துக்கொண்டு போய்க் காரைக் கிளப்பினேன். பாகோ வந்தது, தாண்டினேன். பக்கத்தில் திரும்பிப் பார்க்கவே பயம். கொஞ்ச தூரம் போன பிறகு, "மெதுவா ஓட்டாத லா, பூசை ஆரம்பிச்சிரும்" என்றார். ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன், அக்கா. "ஓட்டுடா" என்று அதட்டினார்.

கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீ சடங்குப்படி தரையில் முகங்குப்புறப் படுத்தாய். புனிதர்கள் மன்றாட்டு பாடி முடித்தார்கள். எல்லாரும் அமைதியாக இருந்தார்கள், நீ இன்னும் எழவில்லை. அப்போதுதான் அடித்தார். இரண்டு குட்டை, ஒரு நீட்டு.

முன்னால் இருந்த ஆண்ட்டிகள் எல்லாம் திரும்பி முறைத்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நீ அசையவில்லை. அவர் எழுந்து வெளியே போய் காரில் உட்கார்ந்துவிட்டார். உன்னைப் பார்க்கும் அறைக்குக் கூப்பிட்டேன், மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். அதனால்தான் நானும் வரவில்லை.

திரும்பி வரும்போது ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். "அவளுக்குக் கேட்டிருக்குமா?" நீயே அவருக்கு எழுது.

டாரில்


மடம்
28 ஜூலை 2024

என் அன்பு அப்பாவுக்கு,

கேட்டது.

முகம் தரையில் இருந்தது, யாரையும் பார்க்க முடியாது. பார்க்கவா வேண்டும்? என் கால்கள் எழுந்துவிடப் பார்த்தன. இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொண்டேன். வழுவழுப்பான தரை, பிடிக்க ஒன்றுமே இல்லை. நீங்கள் விசிலடித்து நான் வராமல் இருந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான், அப்பா.

பிறகு எழுந்து வாக்குக் கொடுத்தேன். நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் கொடுத்தேன். போய்விட்டீர்கள் என்று அப்போது தெரியாது.

மதர் என்னிடம், "யாரு அது?" என்று கேட்டார்கள். "எங்க அப்பா. வீட்டுக்குக் கூப்புடுறாரு" என்றேன். திட்டவில்லை.

முழங்காலுக்குத் தைலம் தடவுங்கள், டாரில் கேட்டால் கோபப்படாதீர்கள். அவன் மாலையில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளைக் கீழே நிறுத்தும்போது, மாடியிலிருந்து அவனுக்கு அடியுங்கள். வளர்ந்த பையன், வெட்கப்படுவான். ஆனாலும் ஓடி வருவான்.

உங்கள் மகள்,
ஃபெலிசியா