நான் நடவைத்த எல்லைக்கல்

அன்பு மகள் தக்லாவுக்கு, அப்பா கந்தூஸ் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் புவனோஸ் அயர்ஸில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். இங்கே உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, என் இருமல் தேவலை, பட்டுப்புழு இந்த வருடம் மோசமில்லை. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

உன் தம்பி நக்லேயைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சுல்தான் மாறிய பிறகு கிறிஸ்தவப் பிள்ளைகளையும் எடுக்கிறார்கள், யேமனுக்கு அனுப்புகிறார்கள், அங்கே போனவன் எவன் திரும்பினான் சொல். நம் வீடு பெய்ரூத் மாகாணத்தில். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உன் பெரியப்பா ஷிப்லியின் வீடு மலை மாகாணத்தில், அவர்களுக்குப் பட்டாளமே கிடையாது. நடுவில் இருபது எட்டு கூட இல்லை. அந்த எல்லைக்கல்லை ஓடையில் நடவைத்தவன் யார் தெரியுமா? உன்னைப் பெற்ற இந்த மகாபுத்திசாலிதான். அளவு எடுக்க வந்தவர்கள் நம் வீட்டையும் மலையோடுதான் சேர்க்க இருந்தார்கள். அப்போதுதான் பெரியப்பா அந்தப் பக்கத்து ஊர்த்தலைவர் ஆகியிருந்தார், மல்பெரித் தோப்புத் தண்ணீருக்காக எங்களுக்குள் சண்டை. அண்ணன் முத்திரைக்குக் கீழே நான் வாழ்வதா என்று ரோஷம் வந்து, ஆட்டுக்குட்டி அறுத்து அரக்குச் சாராயம் ஊற்றி அவர்களை மயக்கி, எல்லைக்கோட்டை ஓடைக்குத் தள்ளவைத்தேன். பன்னிரண்டு வருடம் அதைப் பெருமையாகவும் சொல்லித் திரிந்தேன். என் வாயில் மண் விழ.

வேறு வழியில்லாமல் போன மாதம் பையனைக் கூட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டினேன். பெரியப்பா வாசலை மறித்து நின்று, பன்னண்டு வருசமா இந்தக் கல்லத் தாண்டக் கால் வரலியாடா உனக்கு, உன் ஆட்டுக்குட்டியத் தின்னவன்கிட்டயே போய்க் கேளு என்றார். பெரியம்மா மர்தாதான் உள்ளேயிருந்து வந்து, போதும் நிறுத்துங்க, புள்ள உள்ள வரட்டும், நம்ம இல்யாஸ் பேரு ஊர் ஏட்டுல இன்னும் இருக்குல்ல என்றார். இரண்டு வயதில் காய்ச்சலில் போனானே அந்த இல்யாஸ், நக்லே வயதுதான். அவன் பெயரை அடிக்க இருவருக்கும் மனம் வரவில்லையாம். பெரியப்பா வாசலைவிட்டு விலகிப் பையனுக்கு வழி விட்டார். அன்றிலிருந்து நக்லே, ஷிப்லி மகன் இல்யாஸ்.

இங்கே சிப்பாய்களிடம் அவன் கப்பலேறி உன்னிடம் வந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். கடல் தாண்டின ஊரெல்லாம் இவர்களுக்கு அமெரிக்காதான். அவர்களில் பெரியவன் நம் அத்திமரத்தடியில் உட்கார்ந்து நம் பழத்தையே தின்றுகொண்டு, அமெரிக்கா எம்புட்டு தூரம் பெரியவரே, ஓட வரைக்குமா என்று கேட்டுச் சிரிக்கிறான். வாரத்தில் நான்கு நாள் வருகிறான். பையன் கல்லைத் தாண்டக் கால் வைத்தால் பிடித்துவிடுவான். நான் அடிக்கடி அந்தப் பக்கம் போனாலும் சந்தேகம். பையன் அங்கே அடைபட்டுக் கிடக்கிறான், நாங்கள் இங்கே. என்னைக் கண்டால் சித்தப்பா என்று கும்பிடுகிறான், நானும் தலையாட்டுகிறேன்.

செவ்வாய்க்கிழமை உன் அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பெரியம்மா, இல்யாஸ் என்று கூப்பிட்டார். வர்றேம்மா என்று நம் நக்லேயின் குரல். சிப்பாய் மரத்தடியில் இருந்தான், வேறு எப்படிச் சொல்வான்? பெரியம்மா முகத்தில் இத்தனை வருடத்தில் காணாத வெளிச்சம், அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. உன் அம்மா மாவுக் கையோடு விளக்கு வைக்கிற நேரம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கடவுள் உன் வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்றட்டும், மாப்பிள்ளை கை வைத்ததெல்லாம் விளங்கட்டும். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. இதைக் கப்பலேறும் ஊர்க்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே, தபாலில் வரும் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்கள். எங்களுக்கு எழுதும்போது, தம்பி இங்கே சுகம், நன்றாகச் சாப்பிடுகிறான் என்று ஒரு வரி சேர். அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டுவேன், பொய் என்று தெரிந்தும் கேட்பாள். அவனுக்கு எழுதினால் பெரியப்பா மகன் இல்யாஸுக்கு என்றே எழுது, தம்பி என்று ஓரிடத்திலும் வந்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
ஏட்டின்படி இனி உனக்கு மட்டும் அப்பாவான
கந்தூஸ்