நாங்கள் தொலைத்த பெப்ரவரி இருபத்தொன்பது

அன்புள்ள அக்கா,

இன்று காலை அலுமாரியைத் திறந்ததும் கராம்பு வாசம் முகத்தில் அடித்தது. பூச்சி அரிக்காமலிருக்க உங்கள் கொப்பியின் தாள்களுக்கிடையில் நீங்கள் கராம்பு வைத்தது நினைவிருக்கிறதா? பூச்சி வரவில்லை. ஆனால் அந்தக் கொப்பியைத் தொடும்போதெல்லாம் எனக்குப் பல்வலி வந்து மருந்து போட்டுக்கொண்ட மாதிரியே இருக்கிறது. இன்று சனிக்கிழமை, பாடசாலை இல்லை. முப்பத்தாறாம் ஆண்டு பெப்ரவரி இருபத்தொன்பது. நான்கு வருடங்களுக்கு முன்பு இதே நாளை நாம் இரண்டு பேரும் சேர்ந்து தொலைத்தோம். அதைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் உயிரோடு இருந்தபோது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குத் தற்காலிக ஆசிரியையாக வந்தவர். வந்து நாலு வருடமாகியும் தற்காலிகம்தான். உங்களுக்கு ஐந்தாம் வகுப்பு, எனக்கு நாலாம் வகுப்பு, நடுவில் ஒரு பாய்த்தட்டி. நீங்கள் பேசுவதெல்லாம் என் வகுப்புக்குக் கேட்கும். என் பிள்ளைகள் பாதி நேரம் உங்களிடம்தான் படித்தார்கள்.

உங்கள் கரும்பலகையின் தலையில் ‘இதே நாளில்’ என்று வெள்ளைச் சாயத்தால் எழுதியிருக்கும். அதன் கீழே ஒவ்வொரு நாளும், அதே நாளில் என்றோ நடந்த இரண்டு சங்கதிகள். வருடம் எழுதுவீர்கள், திகதி எழுத மாட்டீர்கள். “திகதி எல்லாருக்கும் தெரியும்தானே. சோக்கை ஏன் வீணாக்குவான்?” என்பீர்கள். சுண்ணக்கட்டி விஷயத்தில் உங்களைப் போல் ஒரு கஞ்சப் பிசினாரியை நான் கண்டதில்லை, அக்கா.

முதலில் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரே நாள் என்றால் எல்லாம் ஒன்றாக நடந்தது என்று நினைத்தார்கள். பிரான்சில் சிறையை உடைத்தவர்களுக்கு மத்தியானச் சோறு யார் கொடுத்தது என்று ஒருத்தி கேட்டாள். நீங்கள் யோசித்துவிட்டு ஒன்று சொன்னீர்கள், தட்டிக்கு இந்தப் பக்கம் நானும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

“பெரஹரா ஊர்வலம் ஒவ்வொரு வருசமும் உந்த வீதியாலதான் போகுது. ஆனை மட்டும் வேற. நாளும் அப்பிடித்தான்.”

அதன் பிறகு கண்டிப் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

சங்கதிகளைப் பழைய ஆங்கிலப் புத்தகங்களிலிருந்து பொறுக்கியது நீங்கள். ஆனால் நாளுக்கு ஒரு பக்கமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் திகதித் தலைப்பு எழுதித் தந்தது நான். முப்பதாம் ஆண்டு மார்கழி விடுமுறையில், அப்பாவின் துணிக்கடையில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். முந்நூற்று அறுபத்தைந்து தலைப்பு. கைவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டேன், பெருமையாகவும் இருந்தது.

முப்பத்திரண்டாம் ஆண்டு தை மாதம் உங்கள் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. பங்குனிக்குள் வேலை நிரந்தரமாகாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வா, இங்கே ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம் என்று. மாப்பிள்ளைக்கு வயது நாற்பத்தெட்டு, சுருட்டுக் கடை, முன்னமே ஒரு தாரம் போனவர். கடிதத்தை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். சிரித்துக்கொண்டேதான் வாசித்தீர்கள், கடைசி வரியில் மட்டும் குரல் இறங்கியது. உங்கள் நிரந்தரம் முழுக்க ஒரே ஒருவர் கையில் இருந்தது. மார்ச் முதலாம் திகதி செவ்வாய்க்கிழமை வரப்போகும் பாடசாலைப் பரிசோதகர்.

திங்கட்கிழமை நீங்கள் வழக்கம்போலத்தான் செய்தீர்கள். வெள்ளிக்கிழமைத் தாளுக்குப் பிறகு சனிக்கு ஒன்று, ஞாயிறுக்கு ஒன்று தள்ளிவிட்டு, மூன்றாவது தாளில் இருந்ததைப் பலகையில் எழுதினீர்கள். தலைப்பைப் பார்க்கும் பழக்கமே உங்களுக்கு இல்லை. என் மேல் அத்தனை நம்பிக்கை. அமெரிக்காவில் ஒரு பெரிய காட்டையே பூங்காவாக்கிய கதை அது. பேராதனைத் தோட்டத்தை விடப் பெரிதா என்று ஒரு மணி நேரம் வழக்கு நடந்தது. அந்தப் பக்கம் மார்ச் ஒன்றுக்குரியது. அன்று பெப்ரவரி இருபத்தொன்பது. என் கொப்பியில் அப்படி ஒரு நாளே இல்லை.

ஆகவே செவ்வாய்க்கிழமை பரிசோதகர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தபோது, பலகையில் மார்ச் இரண்டு உட்கார்ந்திருந்தது. 1815: கண்டி அரண்மனை மண்டபத்தில் சிங்களப் பிரதானிகள் கையெழுத்திட்டு இராச்சியத்தை ஆங்கிலேயருக்குக் கொடுத்த ஒப்பந்தம். 1882: இங்கிலாந்தில் ஒரு ரயில் நிலையத்தில் மகாராணியை ஒருவன் சுட்டான், குறி தவறியது, பள்ளிக்கூடப் பையன்கள் இரண்டு பேர் அவனைக் குடையால் அடித்தார்கள். இந்த இரண்டாவதைப் பிள்ளைகள் முந்தின நாளே மோப்பம் பிடித்து, குடையோடு ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

பரிசோதகர் பலகையைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன நாட்குறிப்பை எடுத்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

“ஒப்பந்தம் நாளைக்கல்லவா நடந்தது?” என்றார்.

தட்டியின் ஓட்டை வழியாக உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் கொப்பியைத் திறந்தீர்கள், தலைப்பை முதல்முறையாக வாசித்தீர்கள், இரண்டு தாள் பின்னால் போனீர்கள். பெப்ரவரி இருபத்தெட்டு. அடுத்தது மார்ச் ஒன்று. என் முத்து முத்தான கையெழுத்து. உங்களுக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. தட்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தீர்கள்.

“பிழை என்னுடையது, ஐயா” என்றீர்கள்.

நான் எழுந்து அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. நாலாம் வகுப்புக்கு ஏழாம் வாய்பாட்டை உரக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

அப்போதுதான் பாக்கியம் எழுந்தாள். மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து மாமன் வீட்டில் தங்கிப் படிக்க வந்தவள், கேள்வி கேட்டே உங்களைச் சாகடித்தவள்.

“அப்போ இன்னும் ஒரு நாள் இருக்குங்களே, ஐயா. அந்த மண்டபம் பக்கத்துலதான இருக்கு. கையெழுத்துப் போடாதீங்கன்னு போயிச் சொல்லிட்டு வந்துரலாங்களே.”

பரிசோதகர் சிரிக்கவில்லை. போய்ச் சொன்னால் அந்தப் பிரதானிகளுக்கு நம் பேச்சு விளங்குமா என்று கேட்டார்.

“சில பேரு தமிழ் எழுத்துல கையெழுத்துப் போட்டாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. அவங்களுக்கு வெளங்கும்.”

அவ்வளவுதான், வகுப்பு கட்டவிழ்ந்தது. மகாராணிக்கு ரயிலில் போக வேண்டாமென்று தந்தி அடிக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. தந்தி பேராதனைச் சந்தியிலிருந்து அடித்தால் சீக்கிரம் போகும் என்றாள் இன்னொருத்தி. மூன்றாவது ஒருத்தி எதற்கும் இருக்கட்டுமென்று குடையை எடுத்துவிட்டாள். பரிசோதகர் கதிரையில் உட்கார்ந்து, கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கால் மணி நேரம் அவர்களோடு வழக்காடினார். கடைசியில் ஏதோ எழுதிவிட்டுப் போனார். இரண்டு வாரம் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. பெட்டியைக்கூடத் தூசி தட்டி வைத்தீர்கள்.

அறிக்கை வந்தது. ‘ஆசிரியை ஒரு நாள் முந்திப் போகிறார். மாணவிகள் அவரையும் முந்திப் போகிறார்கள். நிரந்தரமாக்கலாம்.’ சுருட்டுக் கடைக்காரர் தப்பினார்.

அன்று பின்னேரம் நீங்கள் கஞ்சிப் பசை காய்ச்சி, கொப்பியில் ஒரு புதுத் தாளை ஒட்டினீர்கள். ‘பெப்ரவரி 29’ என்று உங்கள் கோணல் எழுத்தில் தலைப்பு. என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டேன். “நான் ஏன்? அடுத்த முறை வரேக்க நீர்தான் எழுத வேணும்” என்றீர்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அக்கா.

அடுத்த முறை வருவதற்குள் மலேரியா வந்துவிட்டது. போன வருடம் தை மாதம், ஊரெல்லாம் காய்ச்சல். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள் என்று, மடுல்கெல்லயில் நான் தங்கியிருந்த என் தங்கை வீட்டுக்குச் செய்தி வந்தது. நான் உடனே புறப்படவில்லை. காய்ச்சல் தானே, நாளைக்குப் போகலாம் என்றிருந்தேன். வந்து சேர்ந்தபோது ஒரு நாள் பிந்திவிட்டது. கட்டில் காலியாக இருந்தது.

இன்று அந்தத் தாளில் எழுதிவிட்டேன். ‘1932: இந்த நாளைத் தொலைத்தது நாலாம் வகுப்பு ஆசிரியை. ஐந்தாம் வகுப்பு ஆசிரியை மீது பிழையில்லை.’ மை காய்வதற்குள் கராம்புத் தூள் ஒட்டிக்கொண்டது. உங்கள் வேலைதான் என்று விட்டுவிட்டேன். இப்போது ஐந்தாம் வகுப்பும் எனக்குத்தான். திங்கட்கிழமை மார்ச் இரண்டு. ஒப்பந்தத்தையும் குடையையும் சரியான நாளில் எழுதுவேன், பக்கத்தில் திகதியும் போடுவேன். சுண்ணக்கட்டி தேய்ந்தால் தேயட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தை மாதம், நீங்கள் போன நாளுக்கு முந்தின நாள், பாடசாலை விட்டதும் என் கால் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. இன்னும் ஒரு நாள் இருக்கிறதே என்று பாக்கியம் சொன்னதுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் வரை போய்விட்டேன். யாரைப் பார்க்க வேண்டும் என்று காவல்காரர் கேட்டார். ஒரு நாள் முந்தி வந்துவிட்டேன் என்றேன்.

“அப்போ நாளைக்கு வாங்கம்மா” என்றார்.

உங்கள்,
தட்டிக்கு இந்தப் பக்கத்து டீச்சர்