உதட்டுக் கொப்புள வைரஸ்

அம்மா,

தங்கை டெஸ்ஸாவின் தொடை நரம்புக் கட்டிக்குள் இன்று உயிருள்ள வைரஸை ஊசியால் செலுத்தினார்கள். நரம்பை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் அழிக்கும்படி அதை மாற்றியிருக்கிறார்களாம்.

"எந்த வைரஸ் டாக்டர்?" என்று கேட்டேன்.

"உதட்டுல கொப்புளம் போடுமே, அதேதாம்மா."

உனக்கு வருவதேதான். அது ஒட்டிக்கொள்ளும் என்று பயந்துதானே அவளை நீ முத்தமிட்டதே இல்லை? படித்துப் பட்டம் வாங்கிய நானே நம்பாமல் டாக்டரிடம் மறுபடி கேட்டேன்.

டெஸ்ஸாதான் சிரித்தாள். "அம்மா அப்பவே நாலு முத்தம் குடுத்திருந்தா இந்த ஊசிக்கே வேலையில்லக்கா!"

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இது பலிக்காவிட்டால் அவள் காலையே வெட்டி எடுத்துவிடுவார்கள். விடியற்காலையில் பஸ் ஏறினால் மதியம் இங்கே கொலம்பஸ் ஊருக்கு வந்துவிடலாம். அவள் உன்னைக் கூப்பிடமாட்டாள். நான் கூப்பிடுகிறேன், வா.

உன் மூத்தவள்