கழித் தண்ணீருக்கு ஒரு சான்றிதழ்

12-2-61, ஞாயிறு
பஞ்சாயத்துத் தலைவர் ஆண்டியப்பன் வந்திருந்தார். கடைத்தெருவுக்குப் பின்னால் கிடக்கும் கழியைப் பற்றி. கடலோடு ஏறி, கடலோடு வற்றிய கழி. குறுக்கே சாலை போட்டு ஒரே ஒரு குழாயைப் புதைத்தார்கள். ஆறு வருடமாக நாறுகிறது. குழாயை எடுத்துவிட்டு மூன்று கண் பாலம் கட்ட மேலிடம் தயார். அதற்குமுன் தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சான்றிதழ் கேட்கிறதாம். பாலம் வந்தால் அவர் மைத்துனரின் கடைகள் போகும்.

“ரசாயனம் படிச்சவங்க நீங்க. உள்ளதை எழுதிக் குடுங்க” என்றார்.

உள்ளதை. அவர் வாயில் அந்தச் சொல் இரவல் சட்டை மாதிரி இருந்தது. ஒப்புக்கொண்டேன். எண்கள் அவர் வாயை அடைக்கும்.

3-3-61
ஐந்து நாள், பள்ளி விட்டதும் நாலரை மணிக்குத் தண்ணீர் எடுத்தேன். பச்சைக் குழம்பு. ஆனால் கெட்ட தண்ணீரில் குறைந்திருக்க வேண்டிய கரைந்த பிராணவாயு தாராளம். மறுபடி செய்தேன். தாராளம்தான். பிடிக்காதவர் என்பதற்காக எண்ணை மாற்றுவதா? கொடுத்துவிட்டேன்.

4-3-61
என் சான்றிதழைக் கூட்டத்தில் உரக்க வாசித்தார்களாம். பாலம் வேண்டாம் என்று தீர்மானம். கைதட்டல் வேறு. மூடர்கள்.

9-3-61
கழியில் நண்டு பிடிக்கும் கண்ணாத்தாள் பள்ளி வாசலில் மறித்தாள்.

“தண்ணி நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தீங்களாமே டீச்சர். எப்ப பாத்தீங்க?”

“சாயங்காலம்.”

“சாயங்காலம் எங்க மாமியாகூட நல்லவதான். விடியக்காலம் அங்கிட்டு வந்து பாருங்க.”

இப்படிப்பட்ட பேச்சுக்கு நான் பதில் சொல்வதில்லை.

10-3-61
போனேன். வெயில் வரவில்லை. மீன்கள் வாயை மேலே நீட்டித் திணறிக்கொண்டிருந்தன, நூற்றுக்கணக்கில். நண்டுகள் கரையேறிக் கிடந்தன. புட்டியில் பிராணவாயு இல்லவே இல்லை எனலாம்.

பகல் வெயிலில் பாசி வாயுவை விடும். இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்புப் பாடம். வருடா வருடம் நடத்துகிறேன். ஆனால் எனக்கு ஒழிந்த நேரத்தில் போய்த் தண்ணீர் மொண்டிருக்கிறேன் — நாற்பத்தெட்டு வயசு, பட்டம், எல்லாம் எதுக்கு? ஆண்டியப்பனாவது மைத்துனனுக்காகச் செஞ்சான். நீ யாருக்காகடி செஞ்ச?

13-3-61
சான்றிதழைத் திரும்பப் பெறுவதாக எழுதி ஆண்டியப்பனிடம் நீட்டினேன்.

“ஊரு சிரிக்குமேம்மா.”

“சிரிக்கட்டும்.”

“பள்ளிக்கூடக் கமிட்டியிலயும் நான் இருக்கேன், தெரியும்ல?”

தெரியும். நகலைக் கலெக்டருக்குத் தபாலில் போட்டுவிட்டுத்தான் போயிருந்தேன்.

20-3-61
ஊர் சிரித்தது. ஆசிரியர் அறையில் கொஞ்சம் கூடுதலாக.

2-5-61
அடுத்த வருடம் நான் தேவையில்லையாம். காரணம் எழுதக்கூடத் துணிச்சல் இல்லை.

18-2-62, கீரனூர்
கண்ணாத்தாள் யாரையோ எழுதச் சொல்லிக் கார்டு போட்டிருக்கிறாள். ‘மூணு கண்ணுலயும் வெள்ளம் ஏறுது. பாலத்துக் கல்லுல தலைவர் பேரு பெரிசா வெட்டியிருக்கு. எறா வருது. ஒரு நா வாங்க.’

இங்கிருந்து பஸ் மாறி மாறிப் போனால் பிற்பகல் ஆகிவிடும். விடியலில் பார்க்க முந்தின நாளே போய்த் தங்க வேண்டும். அவள் வீட்டில் இடம் இருக்குமா என்று கேட்டுப் பதில் எழுதினேன்.