பின்னட்டையில் ஒரு பெயர்

சிகாகோ
4 மார்ச் 1963

அன்புள்ள வெர்லீன்,

நலம்தானே? நம் கல்யாணம் முறிந்து பிரிந்த இந்த ஒன்பது வருஷத்தில் நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் நீ பதில் போடவில்லை. இதற்காவது போடு, அவசரம்.

நம் பழைய ப்ளூஸ் பாட்டுகளில் பன்னிரண்டைச் சேர்த்து, கம்பெனி ஒரே பெரிய இசைத்தட்டாகப் போடுகிறது. "பக்கத்துக்கு ஒரு பாட்டுன்னு போட்டதெல்லாம் மதுக்கடையில காசு போட்டாப் பாடுற பெட்டிக்குத்தாம்பா. இப்ப காலேஜுப் பிள்ளைங்க அட்டையைப் படிச்சுக்கிட்டே கேக்குதுங்க" என்கிறார் முதலாளி. சின்னத் தட்டில் என் பெயர் மட்டும் இருந்தது. இதில் யார் என்ன வாசித்தார்கள் என்று பின்னட்டையில் போட வேண்டுமாம். பன்னிரண்டிலும் பியானோ நீதான். உன் பெயரைக் கொடுக்கட்டுமா?

லூஷியஸ்

கிளார்க்ஸ்டேல், மிசிசிப்பி
11 மார்ச்

லூஷியஸ்,

கொடுத்தாயோ, நான் தொலைந்தேன். இங்கே ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பியானோ வாசிக்கிறேன். மதுக்கடை ப்ளூஸ் வாசித்த கை என்று தெரிந்தால் போதகர் ஹைட்டவர் அன்றைக்கே பியானோவை விட்டு எழுப்பி விடுவார். அந்த ஆசனத்தை விட்டால் எனக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது? எனக்கு ஒரே ஒரு நல்லது செய், வாயைத் திறக்காதே.

வெர்லீன்

சிகாகோ
20 ஜூன்

அன்புள்ள வெர்லீன்,

தட்டு வந்துவிட்டது, உனக்கு ஒன்று அனுப்பியிருக்கிறேன். பயப்படாதே, உன் பெயர் இல்லை. "பியானோவுக்கு யாருமே இல்லைன்னா நல்லாவா இருக்கும்? ஒரு பேரைச் சொல்லித் தொலை" என்று முதலாளி நச்சரித்தார். இப்போது என்னோடு வாசிக்கும் கிளைடு ராப் என்ற பையன் பெயரைக் கொடுத்தேன். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

லூஷியஸ்

கிளார்க்ஸ்டேல்
15 ஜூலை

லூஷியஸ்,

என் பெயர் வேண்டாம் என்றேன். இன்னொருத்தன் பெயரைப் போடச் சொன்னேனா? நாம் அதைப் பதிவு செய்தபோது கிளைடு அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தவன்!

போன வார ஞாயிறு ஆராதனை முடிந்து, தேவாலயக் கூடத்தில் எல்லோரும் கோழி வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சபை மூப்பரின் மருமகன், ஜாக்சனில் வாத்தியார், நம் இசைத்தட்டைப் பற்றி மாமியாரிடம் ரகசியமாக அளந்துகொண்டிருந்தான். "கிளைடு ராபுன்னு ஒருத்தன் அத்தை, அடேயப்பா, அந்த இடது கை!" "அது நான்" என்றேன். "சும்மா இருங்கக்கா" என்று சிரித்தான்.

எழுந்து போய்த் தேவாலயப் பியானோவில் உட்கார்ந்து அந்த இசைத்தட்டின் மூன்றாவது பாட்டை வாசித்தேன், முதலிலிருந்து கடைசி வரை. போதகர் வந்து மூடியைச் சாத்தினார்.

நேற்று ஆராதனையில் பியானோ முன் என் இடத்தில் வேறொருத்தி இருந்தாள். தாளம் இழுக்கிறது. வீட்டுக்கு வந்து அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்.

அட்டையை மாற்றச் சொல். வெர்லீன் மோஸ்லி என்று என் அப்பா பெயரோடு போடச் சொல், உன் குடும்பப் பெயர் வேண்டாம். மாற்றி வரும் முதல் தட்டைப் போதகர் வீட்டு விலாசத்துக்கு அனுப்பு.

வெர்லீன் மோஸ்லி